இன்னொரு தடவை ஊது!

போன வருஷம் ஒரு ராத்திரி. நண்பரின் பார்ட்டி முடிந்து கால் டாக்ஸியில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேம்பாலத்து இறக்கத்தில் போலீஸ்.

டிரைவருக்கு ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். கன்னம் வீங்கியிருந்தது. சாயங்காலத்திலிருந்தே பல்வலியாம். இரண்டு நிமிஷம் முன்னால்தான், சிக்னலில் நின்றபோது, ஹோமியோபதி சொட்டு மருந்தை வலித்த இடத்தில் விட்டுக்கொண்டார்.

ஊதச் சொன்னார்கள். 82! சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

‘‘குடிக்கவே இல்லீங்கய்யா. பல்லுக்கு மருந்து...’’

‘‘எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. இன்னொரு தடவை ஊது.’’

61.

‘‘பாத்தீங்களா சார், ரெண்டு தடவையும் முப்பதுக்கு மேல. கன்ஃபர்ம்!’’ என்றார் எஸ்.ஐ., என்னிடம்.

2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு அபராதம் பத்தாயிரம். லைசென்ஸுக்கும் ஆபத்து. அந்த மனுஷருக்கு லைசென்ஸ் போனால் சோறு போச்சு.

நான் பி.காம். ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டாலே கணக்கு சரி என்று நம்பாதே என்பது முதல் வருஷப் பாடம். செலவைத் தப்பான தலைப்பில் எழுதினாலும் இரண்டு பக்கமும் சமமாகத்தான் வரும். அதுபோல, மெஷினே அளவு பிசகியிருந்தால் பத்து தடவை ஊதினாலும் பத்து தடவையும் அதே பிசகு.

ஆனால் இங்கே டாலியே ஆகவில்லையே! ரத்தத்தில் ஏறிய ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறங்கும். ஒரு நிமிஷத்தில் 21 இறங்கினால், அது வாயில் ஒட்டியிருந்த சரக்கு. ஹோமியோபதி சொட்டில் ஆல்கஹால் உண்டு. அது கால் மணி, இருபது நிமிஷத்தில் வாயைவிட்டுப் போய்விடும். குடித்தவன் என்றால் அப்போதும் நம்பர் நிற்கும். (பிரிட்டனில் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு தடவை ஊதவைத்து, குறைந்த நம்பரைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.)

‘‘இருபது நிமிஷம் கழிச்சு ஊதச் சொல்லுங்க சார். அதுவரைக்கும் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்’’ என்றேன். எஸ்.ஐ. என்னை மேலும் கீழும் பார்த்தார். நல்ல மனுஷன்தான். ‘‘சரி, ஓரமா நில்லுங்க.’’

டிரைவர் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொடவில்லை. ‘‘வாயைக் கழுவி ஏமாத்திட்டான்னு சொல்லிடுவாங்க சார்.’’ கையைக் கட்டிக்கொண்டு, அந்த மெஷினையே பார்த்தபடி நின்றார்.

மூன்றாவது தடவை... 0.

சாவியைக் கொடுத்த எஸ்.ஐ., பின்பக்க ஜன்னலில் குனிந்தார்.

‘‘அவரை மூணு தடவை ஊதவெச்சுட்டேன். வாடை என்னவோ இங்கேர்ந்துதான் சார் வருது!’’

அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினேன்.