ஆறிய பெட் கற்றுத்தந்த பாடம்

பாய்லர் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களை எங்கள் ஃபோர்மேன் முதலில் நெருப்புப் பக்கம் விடமாட்டார். "ஆறின பெட்டைப் படி தம்பி, எரியுற பெட் தானாப் புரியும்" என்பார். ஈரோட்டுப் பக்கம் ஒரு காகித ஆலையில் நான் தொழில் பழகியது அப்படித்தான்.

அடித்தட்டில் வரிசை வரிசையாக நாசில்கள். அவற்றின் மேல் 300 மில்லிமீட்டர் உயரத்துக்கு மணல். நிலக்கரி எரியும் இந்த மணல் படுகைதான் பெட். கீழே விண்ட்பாக்ஸ் என்ற காற்றுப் பெட்டியிலிருந்து காற்று ஏறும். காற்றைக் கூட்டக் கூட்ட மானோமீட்டரில் அழுத்த வித்தியாசம் உயர்ந்து, ஓரிடத்தில் நிலைத்துவிடும். மணலின் எடை முழுவதையும் காற்று தாங்கத் தொடங்கும் இடம் அது. கன மீட்டருக்கு 1500 கிலோ நிற்கும் மணலென்றால், மணலுக்கு மட்டும் சுமார் 450 மில்லிமீட்டர் நீர்மட்டம் காட்டும். அதற்குமேல் காற்று விட்டால் குமிழிகள் கிளம்பி, மணல் கஞ்சி போலத் தளதளக்கும்.

அந்த நேரத்தில் ஃபேனைச் சட்டென்று நிறுத்தி, மேன்ஹோல் வழியே டார்ச் அடித்துப் பார்ப்போம். மணல் சமமாகப் படிந்திருந்தால் காற்று எங்கும் ஒரே சீராகப் போயிருக்கிறது. மேடுபள்ளம் தெரிந்தால், அந்த இடத்து நாசிலின் துளை அடைத்திருக்கிறதா, தேய்ந்து பெருத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

தட்டு காற்றைக் கொஞ்சம் தடுத்தே தீரவேண்டும் என்பது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. மணல் தரும் தடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைத் தட்டும் தரவேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அது குறைந்தால், மணல் மெல்லிசாக இருக்கும் பக்கமே காற்று ஓடிவிடும். மறுபக்க மணல் அசையாமல் கிடக்கும். பெட் முழுக்க 850 டிகிரியை ஒட்டி இருக்கும்போது, அங்கே விழும் நிலக்கரியின் சூடு மட்டும் பரவ வழியின்றி ஏறும். சாம்பல் இளகி, மணலோடு ஒட்டி, கிளிங்கராக இறுகும்.

மற்ற பாகங்களும் இப்படித்தான், ஒன்று மற்றொன்றைப் பாதிக்கும். பெட்டுக்குள் ஓடும் குழாய்க் காயில்கள் பெரிய குமிழிகளை உடைக்கும். அதே குமிழிகள் வீசும் மணல் காயிலை அரிக்கும். அதனால்தான் அவற்றின் மேல் ஸ்டட் வைத்து வெல்டிங் செய்கிறார்கள். பெட்டுக்கு மேலே உள்ள பகுதி அகலமாக இருந்தால் வாயுவின் வேகம் குறைந்து, தெறித்த துகள்கள் திரும்ப விழும். குறுகலாக இருந்தால் எரியாத கரித்தூளும் சாம்பலோடு பறந்துவிடும்.

கிளிங்கர் விழுந்தால் நிலக்கரியை மட்டும் குறை சொல்லாதீர்கள். புதிதாக வரும் தம்பிகளே, முதலில் தட்டைப் பாருங்கள்.