மாமா ஒப்படைத்த அமானிதம்



மேட்டூரில் எங்கள் மாமாவைக் குடிகாரர் என்று எண்ணியவர்கள் உண்டு. நடை தள்ளாடும், நாக்கு குழறும். வாழ்நாளில் ஒரு துளி மதுவும் தொடாதவர் அவர். பெங்களூரில் மரபணுப் பரிசோதனை செய்த பிறகே, அது சிறுமூளை மெல்லத் தேயும் 'அட்டாக்சியா' என்னும் பரம்பரை நோய் எனத் தெரிந்தது. அவருக்கு வந்த வகை, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர சரிபாதி வாய்ப்புள்ளது. சொந்தத்தில் மணமுடித்ததால் வந்ததன்று.

ஆய்வுக்குச் சிறிது இரத்தம் தர இயலுமா என்று மருத்துவர் கேட்டபோது வீட்டில் கலக்கம் எழுந்தது. இது படைப்பில் கை வைப்பதாகாதா? வெளியே தெரிந்தால் மாமாவின் பெண்மக்களுடைய நிக்காஹ் என்னாவது?

உயிரோடிருக்கும் நோயாளியின் சிறுமூளையை வெட்டியெடுத்து ஆராய இயலாது. ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா 2006-இல் எலியின் செல்களிலும், 2007-இல் மனிதத் தோலின் செல்களிலும் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, எவ்வுறுப்பின் செல்லாகவும் வளரவல்ல தொடக்க நிலைக்கு அவற்றைத் திருப்பினார். இரத்தத்தின் செல்களையும் இவ்வாறு திருப்பலாம். அவற்றை நரம்புச் செல்களாக வளர்த்தால், நோயாளியின் அதே மரபணுப் பிழை அவற்றிலும் இருக்கும். நோயின் போக்கைக் கவனிக்கலாம், மருந்துகளைச் சோதிக்கலாம். வட இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் காணப்படும் எஸ்.சி.ஏ.12 என்னும் அட்டாக்சியாவுக்கு, தில்லியின் ஐ.ஜி.ஐ.பி. நிறுவன ஆய்வாளர்கள் நோயாளிகளிடமிருந்தே இத்தகைய செல் தொடர்களை உருவாக்கியுள்ளனர்.

இதில் கரு எதுவும் சிதைக்கப்படுவதில்லை. அல்லாஹ் உடலில் வைத்த ஆற்றலே எழுப்பப்படுகிறது. பெரியவர்களின் ஒப்புதலோடு, அவர்களுக்குத் தீங்கின்றி ஸ்டெம் செல் எடுப்பதை மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 2003-இலேயே அனுமதித்துள்ளது.

"இதனால் எனக்குக் குணமாகுமா?" என்று மாமா கேட்டார். "ஆகாது" என்றார் மருத்துவர். ஸ்டெம் செல் ஊசியால் குணமாக்குவதாகப் பணம் கேட்போர் இந்த நேர்மையைக் காட்டுவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே இந்நோய்களுக்கு அவ்வூசி போடுவதை ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைகள் ஏற்கவில்லை.

"அப்படியானால் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு ஸதக்காவாக இருக்கட்டும்" என்று மாமா கையெழுத்திட்டார்.

ஆய்வகத்தில் பெயருக்குப் பதிலாகக் குறியெண் மட்டுமே இருக்கும். ஆயினும் பெண் கேட்டு வந்தவர்களிடம் மாமாவே உண்மையைச் சொன்னார். ஒரு சம்பந்தம் நின்றுபோனது. "மறைத்துச் செய்யும் நிக்காஹில் பரக்கத் ஏது?" என்றார். பரிசோதனை செய்துகொள்வதா என்பதை மக்களின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அதைத் தேடுவோருக்குக் கைகொடுப்பதும் நம் கடமையன்றோ? நோயுற்ற யாவருக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.