வேம்பும் வெறும் வட்டும்

குடி பட்வா பண்டிகையன்று மகாராஷ்டிர வீடுகளில் முதலில் நாவில் படுவது வேப்பிலையின் கசப்புதான். சொறியோ சிரங்கோ, பாட்டியின் கை வேப்பங்கொழுந்தைத்தான் தேடும். அப்படி வளர்ந்த புனே மாணவி ஒருவர், பிளஸ் டூ அறிவியல் போட்டிக்கு வேம்பையே எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. 'வேப்பிலை கிருமியைக் கொல்லும்' என்று சோதனைக்கு முன்பே அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டார்.

செய்முறை எளிது. உலர்ந்த இலைத்தூளை எத்தனாலில் ஊறவைத்து வடிகட்ட வேண்டும். 6 மி.மீ. வடிதாள் வட்டுகளை அந்தச் சாற்றில் தோய்த்து, பாக்டீரியா பரப்பிய அகர் தட்டில் வைத்து, 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் விடவேண்டும். கிருமி வளராத இடம் வட்டைச் சுற்றித் தெளிந்த வளையமாகத் தெரியும்.

ஆசிரியையின் மேற்பார்வையில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வைத்த தட்டில் மறுநாள் வளையம் இருந்தது. 14 மி.மீ.! மகிழ்ச்சி ஒரு நிமிடம்தான். ஒப்பீட்டுக்காக வெறும் எத்தனாலில் நனைத்து வைத்த வட்டைச் சுற்றியும் ஏறக்குறைய அதே வளையம். கொன்றது இலையா, சாராயமா?

போட்டிக்கு நான்கே நாட்கள். "வெறும் வட்டைப் பற்றி எழுதாதே, யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் தோழி. ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை. மஞ்சள் கதையை மட்டும் நினைவூட்டினார். காயம் ஆற்றும் மஞ்சளுக்கு 1995ல் அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமை, 1997ல் இந்தியாவின் முயற்சியால் ரத்தானது. பாட்டிமார் சொன்னார்கள் என்பதற்காக அல்ல, எழுத்தில் இருந்த சான்றுகளை எடுத்துக் காட்டியதால்.

மாணவி மீண்டும் தொடங்கினார். இம்முறை எத்தனால் முழுதும் ஆவியாகும்வரை வட்டுகளை உலரவிட்டார். வெறும் வட்டின் வளையம் காணாமல் போனது. வேம்பின் வளையமோ 9 மி.மீ.க்குச் சுருங்கியது. அதுவும் ஸ்டஃபைலோகாக்கஸ் தட்டில் மட்டும். ஈ.கோலை தட்டில் ஒன்றுமே இல்லை. அந்தக் கிருமியின் வெளிச்சவ்வு பல பொருள்களை உள்ளே விடாது.

இரண்டு சோதனைகளும் அட்டையில் ஏறின. கொட்டை எழுத்துத் தலைப்பு, 'எந்தக் கிருமியை, எவ்வளவு?' என்று மாறியது. பரிசு வேறொருவருக்குப் போனது.

"அப்படியென்றால் வேம்பு பொய்யா?" என்று கேட்டார் பாட்டி.

"இல்லை ஆஜி. 9 மில்லிமீட்டர் மெய்."