ஹட்டன் லயங்களில் தீபாவளிப் பணம்

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டன் கடைவீதிக்குச் செல்லும் நேயர்கள், பச்சரிசியும் சர்க்கரையும் எண்ணெயும் வாங்கத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் பெண்களைக் காணலாம். பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவில் அதிரசம் வேகும். முறுக்குத் தட்டு அடுத்த காம்பராவுக்குப் போய், வேறு பண்டத்துடன் திரும்பும்.

இச்செலவுக்குப் பெரும்பாலும் தோட்டத்தார் தரும் தீபாவளி முற்பணமே கைகொடுக்கிறது. அஃது இனாம் அன்று; இனி உழைக்கவேண்டிய கூலி. பண்டிகைக்குப் பின் மாதந்தோறும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வர். 2021இல் 1,000 ரூபாயாயிருந்த நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ஆனது உண்மையே. ஆயினும் தை, மாசி வறட்சியில் இப்பக்கத்துக் கொழுந்து குறையும். நிறை போதாதவர்க்கு அரைப் பேரே விழும். அதற்காகப் பிடிக்கும் தொகை குறைவதில்லை.

பெண்கள் தமக்குள் நடத்தும் சீட்டே மேலென்பேன், நம்பிக்கையானவர் கூடினால். தையில் பத்துப் பேர் தொடங்கி, மாதம் 2,000 ரூபாய் இட்டால், ஐப்பசியில் பத்தாம் சீட்டு 20,000 ஆகக் கைக்கு வரும். முதற் சீட்டை எடுப்பவரோ கடன்பட்டவரே. எல்லாரும் கடைசிச் சீட்டையே கேட்டால் சண்டைதான்! ஆவணி, புரட்டாசியில் எடுத்துப் பூட்டிவைத்தாலும் தீபாவளிக்கு உதவும்.