ஒரு செடியைத் தெரிந்துகொள்ள ஒரு வருடம்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், கம்பெனி பஸ் ஜன்னல் வழியே பார்த்தால் இரண்டு காம்பவுண்டுச் சுவர்களுக்கு நடுவே பச்சையாகத் தெரியும் எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் ‘புதர்’. சிப்காட்டுக்காக எடுத்து, இன்னும் கட்டடம் எழும்பாத நிலம் அது. உழவு நின்ற அந்த நிலத்தில் என்னென்ன வளர்கிறது என்று பார்க்கத் தொடங்கியதிலிருந்து ஒன்று புரிந்தது: ஒரே நாளில் பார்த்து எந்தச் செடியையும் தெரிந்துகொள்ள முடியாது. ஆறு பருவமும் அதன் பின்னால் போக வேண்டும்.

சித்திரை, வைகாசியில் ஏரி வறண்டு, புல் கருகிக் கிடக்கும்போது தளதளவென்று நிற்பது சீமைக் கருவேலம். நம் நாட்டுக் கருவேலத்தோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பூவையும் காயையும் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். நாட்டுக் கருவேலத்தின் பூ சின்ன மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடுங்கி, மணி கோத்த மாதிரி சாம்பல் பூத்துத் தொங்கும். சீமைக் கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர். காய் வெளிர்மஞ்சளாக, இடுங்காமல் நீண்டிருக்கும். அந்தக் காய் இனிக்கும். ஆடு மாடுகள் தின்று, சாணத்தோடு விதையைப் போகிற இடமெல்லாம் போட்டுவிடும். 1950-களுக்குப் பிறகு வந்த மரம் என்றே பலரும் சொல்வார்கள். ஆனால் 1877-லேயே விறகுத் தேவைக்காக ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து, அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்துவிட்டார்கள்.

ஆடி, ஆவணியில் சாயங்கால மழை இறங்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிக்கப் போகிறவர்கள் இலையையும் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு ஒரு புழு மேய்ந்துகொண்டிருக்கும். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு அது. எருக்கம்பாலில் உள்ள நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகைதான் இந்த நிலத்தின் உண்மையான வருடப் பிறப்பு. வடகிழக்குப் பருவமழையில் தும்பை, கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை எல்லாம் மண்ணைப் பிளந்து வரும். வேலியோரம் செங்காந்தள் தன் இலை நுனியையே கொக்கியாகச் சுருட்டி மேலேறும். கோடை முழுக்க மண்ணுக்கடியில் கிழங்காகக் கிடந்த செடி அது. அதே மழையில், லாரியில் கொண்டுவந்து கொட்டிய மண்மேடுகளில் பார்த்தீனியமும் முளைக்கும். முதலில் கேரட் இலை போன்ற இலைகளைத் தரையோடு தரையாக வட்டமாக விரிக்கும். பிறகு தண்டு எழும்பி, வெள்ளையாகப் பொடிப்பொடியாகப் பூக்கும். பூத்துவிட்டால் ஒரு செடியிலிருந்தே ஆயிரக்கணக்கில் விதை. பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு, வேரோடு பிடுங்க வேண்டும். வெறுங்கையால் தொட்டால் பலருக்குத் தோல் அரிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு செடியை வெறுக்க வேண்டியதில்லை. காயத்துக்குக் கசக்கிப் பிழியும் வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதன் பூவில் பட்டாம்பூச்சி உட்காராத நாளில்லை. பக்கத்துச் செடியை வாழ விடுகிறதா என்பதுதான் கேள்வி. ஏரியில் ஆகாயத்தாமரையும், கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கும் மற்றவற்றுக்கு இடம் விடுவதில்லை.

தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றவும், இயற்கைச் சூழலை மீட்கவும் கொள்கை ஒன்றை வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னது நல்ல காரியம். நடைமுறையில் நாம் முதல் பாதியோடு நின்றுவிடுகிறோம். ஜேசிபி வருவது பெரும்பாலும் கோடையில். அப்போது கண்ணுக்குத் தெரிவது சீமைக் கருவேலம் மட்டுமே. விதையாகவும் கிழங்காகவும் உறங்கும் நம் செடிகளையும் சேர்த்து இயந்திரம் வழித்தெடுத்துவிடுகிறது. அடிக்கட்டை தங்கிய இடத்தில் சீமைக் கருவேலம் மறுபடி துளிர்க்கிறது. வெறும் மண்ணில் முதல் மழைக்கே பார்த்தீனியம் வந்து குடியேறுகிறது. செலவழித்த பணம் போனதுதான் மிச்சம்.

கம்பெனிகளில் பசுமைப் பரப்பைக் கவனிப்பவர்களுக்கும், விடுமுறை நாளில் ஏரியைச் சுத்தம் செய்யப் புறப்படும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயந்திரத்தைக் கூப்பிடும் முன் ஒரு மழைக்காலம் பொறுங்கள். அந்த ஊரில் ஆடு மேய்ப்பவரையோ, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு நிலத்தைச் சுற்றி வாருங்கள். நிற்கும் செடிகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செங்காந்தளும் நுணாவும் இருக்கும் இடங்களில் கொம்பு நட்டு அடையாளம் வையுங்கள். எதைப் பிடுங்குவது என்று அதன் பிறகு முடிவு செய்யுங்கள். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாதவர் கையில் மண்வெட்டி இருக்கக் கூடாது.