குடவோலையும் ஓர் ஆய்வேடும்

பட்டப் படிப்பின் கடைசி வருஷத்தில் மாணவர்கள் ஓர் ஆய்வேடு எழுதவேண்டும் என்ற ஏற்பாடு நல்லதா, வீணா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. இருபது வயதில் ஆராய்ச்சி என்ன வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கும் பெரியோர்களை நான் அறிவேன். அவர்களில் பலர் ஐம்பது வயதுக்கு மேலும் அந்தப் பழக்கம் இல்லாதவர்கள்.

தாம்பரம் கிறிஸ்துவக் கலாசாலை 1837-ல் சென்னைப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடமாகத் தோன்றி, சரியாக நூறு வருஷம் கழித்து 1937-ல் இன்றைய இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த மரநிழலில் அரசியல் சாஸ்திரம் படிக்கும் பெண் ஒருத்தி முன்பு என்னிடம் சரித்திரம் படித்தவள். தகப்பனார் ரயில்வே தொழிலாளி. தாத்தா உத்தரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்.

"இந்தியாவின் ஜனநாயக ஸ்தாபனங்கள்" என்ற தலைப்போடு அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

"இதற்கு ஆயுசு போதாது, அம்மா! உனக்கு இருப்பது நாலு மாதம்" என்றேன். "ஒரே ஒரு ஸ்தாபனத்தை எடுத்துக்கொள். அதனிடம் மூன்று கேள்வி கேள். உள்ளே யார் வரலாம்? எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எப்போது வெளியே போகவேண்டும்?"

அவள் உத்தரமேரூரையே எடுத்துக்கொண்டாள். செங்கற்பட்டு வழியாகப் பஸ் ஏறிப் போய், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள சாஸனங்களைப் பார்த்து வந்தாள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஊர்ச் சபையார் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். குடும்புதோறும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கினார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்தார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். கையில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாதல்லவா! மனித சுபாவத்தை நன்றாய் அறிந்தவர்கள்தான். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று காரியங்களும் பிரித்து ஒப்படைக்கப்பட்டன. சம்வத்ஸர வாரியத்தாருக்கு 360 நாள் தவணை. பிறகு இறங்கிவிட வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரோ, அவருடைய நெருங்கிய உறவினரோ மறுபடி குடத்தில் பெயர் இட முடியாது.

இதையெல்லாம் நான் உற்சாகமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினாள்.

"ஸார், வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வேதம் ஓதியிருக்கவேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவர் என்றால் அரைக்கால் வேலியே போதுமாம். இந்தக் குடத்தில் எங்கள் தாத்தாவின் பாட்டன் பெயர் விழுந்திருக்குமா?"

"விழுந்திராது."

"ஒரு பெண்ணின் பெயர்?"

"அதற்கும் இடமில்லை. அது பிராமணர்களுக்குத் தானமாய் விடப்பட்ட சதுர்வேதிமங்கலம்."

"பின்னே நான் எதை எழுத, ஸார்?"

இந்தக் கேள்வி புதிதல்ல. 1948 நவம்பர் 4-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், கிராமம் அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்பு வாதமும் குடிகொண்ட இடம் என்று கடுமையாகச் சொன்னார். அதே மாதம் 22-ந் தேதி நம் தமிழ்நாட்டு கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின்படி, கிராமப் பஞ்சாயத்துக்களை அமைக்கவேண்டும் என்ற விதி ஏற்கப்பட்டது. இன்று அது 40-வது ஷரத்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி என்றேன். பெருமை பேசுவதும் பழி சொல்லுவதும் ஆய்வேட்டின் வேலையல்ல. கதவு யாருக்கு அடைத்திருந்தது என்பதை எழுது. உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு சந்தேகித்துச் சட்டம் செய்தார்கள் என்பதையும் எழுது.

அடுத்த முறை வந்தபோது தாம்பரத்தையும் சேர்த்துக்கொண்டிருந்தாள். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலிய ஊர்கள் ஒன்றுசேர்ந்து 2021-ல் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று, எழுபது வார்டுகள். 2022-ல் அதன் மேயர் பதவி பட்டியல் இனப் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. முதல் கேள்விக்கு ஆயிரத்து நூறு வருஷங் கழித்து வந்த பதில் அது. எழுதும்போது அவள் கை நடுங்கியதாகச் சொன்னாள்.

மூன்றாவது கேள்விதான் சங்கடமானது. நகரசபைகளுக்கு 2011-ல் தேர்தல் நடந்தது. 2016-ல் தவணை முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்! நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே நிர்வாகம் செய்தார்கள். குப்பைக்கும் குடிநீருக்கும் யாரிடம் போய்க் கேட்பது என்று எங்கள் தெருவார் அலைந்தது எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. 360 நாள் முடிந்தால் இறங்கு என்று சுவரில் வெட்டி வைத்த சபையார் இதை என்னவென்று சொல்லியிருப்பார்களோ!

ஆய்வேடு இன்னும் முடியவில்லை. கடைசி அத்தியாயத்துக்கு "கணக்குக் காட்டாதவர்கள்" என்று தலைப்பிட்டிருக்கிறாள். வழிகாட்டும் பேராசிரியர் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தச் சொல்கிறாராம். "கல்வெட்டிலேயே இருக்கிறதே, ஸார்" என்கிறாள் அவள்.