பட்டினத்துப் பன்றி

தடைக்காலம் வந்தால் எங்கள் ஜெகதாப்பட்டினத்தில் நேரம் மிஞ்சிப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. படகுக்குப் பெயின்ட் அடித்து, வலை பொத்தி, பலகை மாற்றி முடித்த பிறகும் பகல் பாக்கி கிடக்கும். அப்படி ஒரு மே மாதத்தில்தான், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான் பேச்சை ஆரம்பித்தார். பன்றி விலாவை ஓவனில் வைத்தால் கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்று வருமாம்.

அம்மா முகத்தைச் சுளித்துவிட்டார். "மீனும் நண்டும் வேகுற வீட்டுல பன்னியா? நம்ம பக்கம் யாரு திங்கிறா?"

"இது வெள்ளைக்காரன் சாப்பாடு அத்தை. நம்மாளுகளுக்கு எங்க தெரியப்போவுது" என்றார் மச்சான்.

இரண்டு பேர் சொன்னதிலும் எனக்குச் சந்தேகம். ஒன்று, நம் பக்கம் யாரும் தின்னவில்லை என்பது. புதுக்கோட்டைப் பக்கம் மூலத்துக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டே பன்றிக்கறி தின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கு மூலமே இருந்ததில்லை. இன்னொன்று, இது வெள்ளைக்காரன் சாப்பாடு என்பது. அதைத் தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். தேடுவதற்கு முன் சமைத்துத் தொலைத்தோம்.

முதல் முறை 200 டிகிரியில் ஒரு மணி நேரம். மேலே கரிந்து, உள்ளே செருப்புத் தோல். இரண்டாம் முறை முக்கால்வாசி வேகும்போது கரண்டு போய்விட்டது. அதை எடுத்துக் குக்கரில் போட்டு மிளகு வறுவலாக்கி நானும் மச்சானும் மட்டும் தின்றோம். எங்கள் தெருவில் பாதி பாய் வீடுகள். சுவரைத் தாண்டி எங்கள் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு போகும், அங்கிருந்து நோன்புக் கஞ்சி வரும். அந்த வாரம் முழுக்கப் பின்கட்டில்தான் சமையல். அவர்களும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் முறைதான் உட்கார்ந்து யோசித்தேன். விலா என்பது மூச்சு விடும்போதெல்லாம் அசைகிற இடம். சதை குறைவு, நார் அதிகம். அந்த நாரில் இருப்பது கொலாஜன். அது சூட்டைக் கண்டதும் முதலில் சுருங்கி இறுகும். அந்த நேரத்தில் எடுத்துத் தின்றால் ரப்பர். 70 டிகிரிக்கு மேல் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாற ஆரம்பிக்கும். அதற்கு மணிக்கணக்கு வேண்டும், ஈரமும் வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்பக்கம் காய்ந்துபோகும்.

ஆகவே இப்படிச் செய்தோம். விலாவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற வெள்ளைச் சவ்வை, துணியால் பிடித்து ஒரே இழுப்பாக உரித்தோம். வழுக்கும், துணி இல்லாமல் பிடிபடாது. உப்பு, மிளகு, பூண்டு, வற்றல் தூள், பொடித்த கருப்பட்டி தடவி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்தோம். மறுநாள் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, ஓரங்களை மடித்து, 140 டிகிரியில் மூன்று மணி நேரம். பிரித்தால் எலும்பு நுனி ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தாளில் தேங்கிய சாற்றோடு புளியும் கருப்பட்டியும் சேர்த்துக் கொதிக்கவிட்டுக் கூழாக்கி மேலே பூசி, மேல்கம்பி மட்டும் எரிய 220 டிகிரியில் பத்து நிமிடம். கருப்பட்டி குமிழ் விட்டு ஒட்டிக்கொண்டது. அம்மா எட்டிப் பார்த்தார். "வாசம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இனிமே அந்த ஓவன்ல கேக் போட்டா எனக்கு வேண்டாம்."

பயந்தவர்களுக்காக ஒன்று. நாடாப்புழு பற்றிய பயம் நியாயமானது. அரைவேக்காட்டுப் பன்றிக்கறியில் வரும். ஆனால் மூளையில் கட்டி கட்டி வலிப்பு வருகிறதே, அது கறி தின்றதால் நேராக வருவதில்லை. அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டை நீரிலும் கையிலும் கீரையிலும் ஒட்டி வாய்க்குப் போவதால் வருவது. சைவக்காரருக்கும் வரும். மூன்று மணி நேரம் வெந்த விலாவை விட, கழுவாத கீரைக்குத்தான் நான் பயப்படுவேன்.

சரி, இந்தச் சமையல் யாருடையது?

இப்படி வாட்டுவதைப் பார்பிக்யூ என்கிறார்கள். அந்தச் சொல்லே வெள்ளைக்காரனுடையது இல்லை. கரீபியன் தீவுகளில் இருந்த தைனோ மக்கள், நெருப்புக்கு மேலே குச்சிகளால் பரண் கட்டி அதில் மீனையும் கறியையும் வாட்டினார்கள். அந்தப் பரணின் பெயரைத்தான் ஸ்பானியர்கள் பார்பக்கோவா என்று எழுதிக்கொண்டார்கள். விலா அமெரிக்காவில் பெரிய தீனியானது பிற்பாடு. பன்றியை அறுத்து உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்து அனுப்பிய காலத்தில், எலும்பு நிறைந்த விலா பீப்பாய்க்குத் தோதுப்படாது, மலிவாகக் கிடைத்தது. மலிவானதை மெதுவாக வேகவைத்து ருசியாக்கியதில் கறுப்பினச் சமையல்காரர்களின் பங்கு பெரியது. கான்சாஸ் சிட்டியில் 1908-ல் ஹென்றி பெர்ரி என்பவர் புகையில் வாட்டிய கறியைச் செய்தித்தாளில் சுற்றி விற்கத் தொடங்கினார். அந்த ஊர்ப் பார்பிக்யூவுக்கு அவரைத்தான் தகப்பன் என்கிறார்கள். செய்தித்தாள் என்றதும் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. நம்மூர்க் கறிக்கடையில் நின்றவனுக்கு அந்தப் பொட்டலத்தின் ஈரம் தெரியும்.

ஆங்கிலத்தில் இந்தத் துண்டுக்கு ஸ்பேர் ரிப் என்று பெயர். மிச்சமான விலா என்று நினைத்திருந்தேன். தேடினால், அது பழைய ஜெர்மன் பக்கத்துச் சொல் ஒன்று திரிந்து வந்ததாம்: கோலில் குத்தி வாட்டிய விலா. கோல் என்றதும் எனக்குக் காளத்தி ஞாபகம் வந்தது.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில், பிறகு கண்ணப்பர் ஆகப்போகிற திண்ணன் காளத்தி மலைப் பக்கம் பன்றியை அடிக்கிறான். நண்பர்கள் நாணனும் காடனும் கூட இருக்கிறார்கள். காடன் நெருப்புக் கடைகிறான். திண்ணன் நல்ல தசையாகப் பார்த்து எடுத்து, கோலில் கோத்து, தணலில் பதமாகக் காய்ச்சி, பல்லால் அதுக்கிப் பார்த்து, ருசியானதை மட்டும் சிவனுக்கென்று தேக்கிலையில் வைக்கிறான். பிறகொரு நாள் அந்தக் கறியில் தேனைப் பிழிந்து கலக்கிறான். தேன் பூசிய பன்றிக்கறி! கண்ணப்பர்தான் பார்பிக்யூவைக் கண்டுபிடித்தார் என்று யாராவது வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது பொய். கறியும் நெருப்பும் கோலும் இருக்கிற எந்தக் காட்டிலும் இது நடக்கும். ஆனால் கறி வெந்ததா என்று பல்லால் பார்க்கிற அந்த இடம் இருக்கிறதே, அது சமையல்காரன் செய்கிற வேலை. சேக்கிழார் பக்தியைச் சொல்ல வந்தவர், பக்குவத்தையும் விடவில்லை.

காடு ஒத்துக்கொண்டது. கடற்கரை? அம்மா சொன்னது கடற்கரையைப் பற்றித்தானே.

அறந்தாங்கிக்குப் போன ஒரு நாள் நூலகத்தில் பத்துப்பாட்டை எடுத்து உட்கார்ந்தேன். உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு 1889-ல் அதை அச்சில் கொண்டுவந்தார். அவர் கொண்டுவராவிட்டால் என் அம்மாவிடம் நான் தோற்றிருப்பேன். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் வாழ்கிற புறச்சேரி வருகிறது. அங்கே என்ன இருக்கிறது? உறைகிணறு, கோழிகள், குட்டிகளோடு பன்றிகள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய மீனவர் குடியிருப்பில் பன்றி, கோழியோடு கோழியாகச் சாதாரணமாகத் திரிகிறது. அந்தப் பாட்டை எழுதிய கடியலூர் உருத்திரங்கண்ணனார்தான் பெரும்பாணாற்றுப்படையையும் எழுதினார். அதில் தொண்டைமான் இளந்திரையனைப் பார்க்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிறார். கப்பல் வந்து போகிற பட்டினத்தில் தங்கினால் கள்ளுக்கடையில் என்ன கிடைக்கும் என்று ஒரு பட்டியல் மாதிரி வருகிறது. அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வாசலில் கொடி ஆடுகிறது. கள் சமைக்கிற பெண்கள் பாத்திரம் கழுவிக் கொட்டிய தண்ணீர் சேறாகி, அதில் பெண்பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. ஆனால் விருந்துக்கு வருவது அந்தப் பன்றி அல்ல. குட்டைக்கால் ஆண் ஒன்றைத் தனியாகப் பிரித்து, பெட்டையோடு சேரவிடாமல், நெல்லை இடித்த மாவைத் தீனியாகப் போட்டு, பல நாள் குழிக்குள் நிறுத்தி வளர்த்திருக்கிறார்கள். கொழுத்த அந்தக் கறியும் நன்றாக முற்றிய கள்ளும் பாணனுக்குக் கிடைக்கும்.

எப்படிச் சமைத்தார்கள் என்று புலவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுட்டார்களா, வேகவைத்தார்களா, என்ன மசாலா, ஒன்றும் இல்லை. எப்படி வளர்த்தார்கள் என்பதை மட்டும் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார். நான் ஒரு மாதமாக டிகிரியும் மணியும் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்த இடத்தில் கறியின் மென்மை அடுப்புக்கு வருவதற்கு முன்பே குழியில் தயாராகிவிட்டது. யோசித்தால் சரிதான். ஓடித் திரிந்த, வயதான விலங்கின் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகும். அசையாமல் நின்று தின்ற இளசு சீக்கிரம் கரையும். ஆண்பன்றிக் கறியில் சில சமயம் ஒரு வீச்சம் வரும். அதற்குக் காரணமான இரண்டு பொருள்களில் ஒன்று ஆணுக்குரிய சுரப்போடு சேர்ந்தது. இன்றைக்கு அதற்காகத்தான் ஆண்குட்டிகளுக்கு விதையடிக்கிறார்கள். பெட்டையோடு சேரவிடாமல் பிரித்து நிறுத்தியதற்கு அந்தக் காலத்து ஆட்கள் என்ன கணக்கு வைத்திருந்தார்களோ.

இதை எழுதி வைத்துக்கொண்டு, அறந்தாங்கிக்கு வெளியே வெண்பன்றி வளர்க்கிற ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவரிடம் வாங்குபவர்கள் தோலும் கொழுப்பும் சேர்ந்த துண்டைத்தான் கேட்பார்களாம். விலாவை வெட்டி மற்றதோடு கலந்துவிடுவார். முழுசாக, வெட்டாமல் வேண்டும் என்றதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "எலும்புக்குக் காசு குடுக்குற மொத ஆளு நீங்கதான் தம்பி." அவரிடம் பாட்டுக் கதையைச் சொன்னேன். குழி, மாவு, தனியாக நிறுத்தியது எல்லாம். சாணி மிதித்த காலோடு நின்று கேட்டார்.

"தீனி மாவா? கஞ்சியாக் கரைச்சு ஊத்துனாங்களா, உருட்டிக் குடுத்தாங்களா?"

பாட்டில் அது இல்லை என்றேன்.

"எத்தன நாளு நிறுத்துனாங்க?"

பல நாள் என்றுதான் இருக்கிறது, கணக்கு இல்லை.

பெரியவர் சிரித்தார். "பல நாளா? எழுதுனவரு கேட்டிருப்பாரு தம்பி. வளத்தவ சொல்லியிருக்க மாட்டா."

விலாவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.